முத்துலிங்கம் கணக்கப்பிள்ளையின் பொலி விசாரணை

இலங்கையில் பூண்டுலோயாவுக்கு மேலே, வண்டிப்பாதை முடிந்து குதிரைப்பாதை தொடங்கும் இடத்தில் உச்சிப்பாறைத் தேயிலைத் தோட்டம் இருந்தது. அங்கே பதினோரு வருஷமாகக் கொழுந்து நிறுத்துவந்த முத்துலிங்கம் கணக்கப்பிள்ளை எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ஆசாமி அல்ல. துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேற வந்தபோது மண்டபம் முகாமில் அவருக்கு அம்மை குத்தினார்கள். குத்திய டாக்டர் ஊசியை எந்தப் புட்டியில் தோய்த்தார் என்பதில் அவருக்கு அன்றைக்கே ஓர் ஐயம் விழுந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. இந்தக் கதை நடக்கிற முப்பத்தாறிலும் கை அரித்தால் அவர் முதலில் அந்த டாக்டரைத்தான் நினைத்துக்கொள்வார்.

கோயில் திருநீறை மூக்கருகே கொண்டுபோய், அடுப்புச் சாம்பல் இல்லையென்று தெரிந்த பிறகே நெற்றிக்கு ஏற்றுவார். சேவல் கூவினால் கடிகாரத்தைப் பார்ப்பார். கடிகாரமும் அதே நேரத்தைக் காட்டினால், இரண்டும் பேசிவைத்துக்கொண்டு செய்கின்றன என்று முடிவு கட்டுவார். மனைவி நாகலெட்சுமி ரசத்தில் கூடுதலாக ஒரு மிளகு போட்டால், அந்த மிளகின் உள்நோக்கம் என்ன என்று இரண்டு நாள் யோசிப்பார். இப்படி உலகத்தில் உள்ள சகலத்தையும் சந்தேகித்த மனிதர், தம்முடைய வலது முழங்கால் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

அந்த முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மலையில் மூன்று கம்பு நட்டு, நடுவில் வட்ட முகத் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் கொழுந்துக் கூடையை மாட்டி நிறுப்பார்கள். மாட்டிய கூடை ஆடும். ஆடுகிற கூடையை யாராவது அணைத்துப் பிடிக்க வேண்டும். முத்துலிங்கம் கைகளில் பென்சிலும் புத்தகமும் இருப்பதால் முழங்காலால் அணைத்தார். அணைத்த முழங்கால் சற்றே மேலே எழும்பினால் தராசு முள் மூன்று நான்கு றாத்தல் கீழே இறங்கும். காற்று அதிகமானால் ஐந்து. ஈரக்கழிவு, கூடைக்கழிவு என்று தோட்டம் சட்டப்படி கழிப்பது இதற்கு மேல். இதில் அவருக்கு ஒரு சல்லி லாபம் இல்லை என்பதை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். எழுதாமல் விட்ட கொழுந்தெல்லாம் தோட்டத்து ஸ்டோருக்குத்தான், அதாவது தூள் அரைக்கிற ஆலைக்குத்தான், போயிற்று. ஒரு நாள் தோட்டத்தை நடத்துகிற துரை அவர் தோளில் தட்டி, அவர் மலைக் கொழுந்து மட்டும் எழுதிய றாத்தலுக்கு வரவேண்டியதைவிடக் கூடுதலாகத் தூள் தருகிறது என்று மெச்சினார். அந்த ஒரு தட்டுக்காக ஐந்து வருஷமாக முழங்கால் எழும்பிக்கொண்டிருந்தது. குறித்த றாத்தலுக்கு ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான். அந்தி நிறுவையில் அப்படி அரைப்பேரோடு லயத்து வீட்டுக்குத் திரும்பிய பெண்களை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் சித்திரை கழிந்த ஒரு காலை. பதினாறாம் நம்பர் மலையில் பனிமூட்டம் கஞ்சி மாதிரி கெட்டியாக நின்றது. நிரைக்கு ஒருத்தியாக அறுபது பெண்கள், இடுப்பில் சாக்குப் படங்கும் முதுகில் கூடையுமாக நின்றார்கள். முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன் ஒருத்தி பொலி கூப்பிட வேண்டும். மற்றவர்கள் சேர்ந்து பதில் பொலி சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகே செடியில் கை வைப்பார்கள். விளைச்சல் பொலியட்டும் என்று வாழ்த்துகிற இந்தப் பழக்கத்தைத் துரைமாரும் தடுத்ததில்லை, கங்காணிமாரும் தடுத்ததில்லை. பொலி கூப்பிடாத மலையில் கொழுந்து ஓடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். அன்றைக்குப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“கூடை நெறஞ்சிருக்கு, கொழுந்து கனத்திருக்கு,
முட்டி ஒண்ணு முட்டுக்கொடுக்க முள்ளு எளைச்சிருக்கு,
பொலியோ பொலி.”

அறுபது தொண்டையும் ஒன்றாகப் பொலி சொல்லின. முத்துலிங்கத்துக்குக் காதடைத்தது. முட்டி என்றால் ஊரில் எத்தனையோ முட்டி உண்டு என்று முதலில் தம்மைத் தேற்றிக்கொண்டார். பிறகு முள் என்ற சொல் வந்து உறுத்தியது. பனி விலகியபோது எல்லாப் பெண்களும் குனிந்த தலை நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஒழுக்கமாக அவர்கள் வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. அதுவே பெரிய சாட்சியாகப் பட்டது.

விசாரணை அன்று மத்தியானமே ஆரம்பமாயிற்று. முதல் சந்தேகம் அம்மாக்கண்ணு மீது. நாற்பது வயது, வெற்றிலை வாய், எதைக் கேட்டாலும் அரை விநாடியில் பதில் வைத்திருப்பாள். அப்படிப்பட்டவளிடம் பாட்டும் இருக்கத்தான் செய்யும் என்பது அவர் தர்க்கம். அடுத்த சந்தேகம், பெண்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்கும் வீரய்யா கங்காணி மீது. கங்காணி பொழுதெல்லாம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். முணுமுணுக்கிறவர் கட்டத் தெரியாதவரா? மூன்றாவதாக, காளியாயி. அவள் ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள். பேசாத வாயில் இத்தனை வருஷமாக என்ன சேர்ந்திருக்கிறதோ என்று அவருக்குத் திகிலாக இருந்தது.

நான்காவது சந்தேகம் வீட்டுக்குள்ளேயே நின்றது. அந்த முழங்காலில் வெகுநாளாக ஒரு கன்றிய தடம் உண்டு. அதற்குத் தைலம் தேய்த்துவிடுகிறவள் நாகலெட்சுமி. தேய்க்கிறவளுக்குத் தெரியாத முழங்காலா? அன்று தைலக் கிண்ணத்தோடு வந்தவளிடம், தேய்க்க வேண்டாம், முழங்காலுக்குக் குணமாகிவிட்டது என்றார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “குணமானது முழங்காலுக்குங்களா, ஒங்களுக்குங்களா?” என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தை மூடினாள். அந்தக் கேள்வியின் சந்தம் அவருக்குச் சரியாகப் படவில்லை.

பொலியை நிறுத்திவிடலாம் என்றால் கொழுந்து குறைந்துவிடும், பழி தம் தலையில் விழும். பாட்டை மட்டும் தடுக்கலாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் பெரட்டுக்களத்தில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஒரு சட்டம் போட்டார். இனிமேல் பொலி கூப்பிடுவது முறை வைத்து நடக்கும். நாளொன்றுக்கு ஒருத்தி, நிரை வரிசைப்படி. வெறும் பொலி செல்லாது, பாட்டோடுதான் கூப்பிட வேண்டும். ஒருத்தி சொன்ன பாட்டை இன்னொருத்தி சொல்லக்கூடாது. இப்படி அறுபது பேரையும் பாடவைத்தால் கைகாரி யாரென்று மூன்றாம் வாரத்துக்குள் பல்லிளித்துவிடும் என்பது அவர் திட்டம். திருடனைப் பிடிக்க ஊரையே திருடவைத்த முதல் மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

முறை வந்த பெண்கள் முதலில் தவித்தார்கள். முந்தின சாயங்காலமே பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கூடி, யார் வீட்டில் என்ன நடந்தது என்று தோண்டி எடுத்து, குடம் நிறைவதற்குள் இரண்டு வரியாகக் கட்டிவிடப் பழகினார்கள். வேலைக்கு வராமல் படுத்துக்கொண்ட ஒருத்தியைப் பற்றி ஐந்தாம் நாள் இப்படி வந்தது:

“காய்ச்சலுன்னு படுத்தவளுக்குக் கஞ்சி கொண்டு போனேன்,
கருவாட்டுக் கொழம்பு வாசம் கதவத் தொறந்து விட்டுச்சு.”

மறுநாள் வீரய்யா கங்காணியின் முறை. அவர் பாடவில்லை; பாடப்பட்டார்.

“வெள்ளிக்கெழம வெரதக்காரர் வெங்காயமும் தொடமாட்டார்,
கள்ளுக்கட வாசப்படி காலத் தொட்டுக் கும்பிடுது.”

கங்காணி தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியைப் பற்றிய பாட்டு என்று எல்லோரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார். அதுவரை அது யாரைப் பற்றியது என்று தெரியாமலிருந்த நாலைந்து பேருக்கும் தெரிந்துபோயிற்று. ஏசுவதற்கு மட்டுமே பாட்டு என்றும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்காக விறகு சுமந்த ஒருத்தியைப் பற்றியும் வந்தது:

“அடுத்த வீட்டு அடுப்பெரிய அரைக்கொள்ளி குடுத்தவ
தன் வீட்டு ஒல கொதிக்கத் தவம் கெடந்து நிக்கிறா.”

அந்தக் காலையில் பதில் பொலி மற்ற நாளைவிட உரக்கக் கேட்டது. விறகு சுமந்தவள் படங்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முத்துலிங்கம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார். சாட்சியம் அல்லவா. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, சந்தேகத்துக்குரிய ஆள், குரலின் தன்மை, பாடும்போது யாரைப் பார்த்தாள் என்ற குறிப்புகளும் உண்டு. இருபது பாட்டு ஆனபோது அவருக்கு எல்லாம் மனப்பாடம். முப்பது ஆனபோது, ஒரு பாட்டில் முதல் எழுத்து மோனைக்கு நிற்கவில்லை என்று தாமே ஒரு சொல்லை மாற்றி எழுதினார். எழுதிவிட்டுப் பயந்துபோய் அறைக்கதவைத் தாழிட்டார்.

இதற்கிடையில் பெண்கள் தங்கள் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருத்தி, அரைப்பேர் பயத்தில், கணக்கப்பிள்ளையின் மனம் பால் என்றும் சொல் தேன் என்றும் கூப்பிட்டாள். பதிலே வரவில்லை. மற்றவர்கள் எல்லோரும் செடியைப் பார்த்தபடி நின்றார்கள். கங்காணி கத்தினார், அசையவில்லை. அம்மாக்கண்ணு மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “பொய்ப் பொலிக்குப் பதிலு சொன்னா செடி காஞ்சு போயிருங்க. செடிக்கும் காது இருக்கில்ல.” பாவம், அந்தப் பெண் வேறு பாட்டுச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது. பால், தேன் என்று வந்த இடத்தில் பொய் எதுவென்று முத்துலிங்கம் நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

ஆனி முடிகிற வாரத்தில் செய்தி வந்தது. கம்பெனி சார்பில் வருஷத்துக்கு ஒரு தரம் தோட்டத்தைப் பார்த்துப்போகும் ஏஜெண்டுத் துரை, திங்கட்கிழமை காலை பதினாறாம் நம்பர் மலைக்கு வருகிறார், கொழுந்தெடுப்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறார். ஏஜெண்டுத் துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தோட்டத்துத் துரைக்குத் தெரியும். பரீட்சை எழுதித் தேறியவர். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். முட்டி என்ற சொல் ஏஜெண்டுத் துரை காதில் இங்கிலீஷில் விழுந்தால் மறுநாளே முத்துலிங்கம் கையில் பத்துச்சீட்டு. வேலை போயிற்று, வீடு போயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நாகலெட்சுமி வைத்த ரசத்தில் மிளகே இல்லாதபோதும் சந்தேகப்பட்டார்.

கடைசியில் இரண்டு ஏற்பாடு செய்தார். திங்கட்கிழமை முறையை மாற்றிக் காளியாயியிடம் கொடுத்தார். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். இரண்டாவது, பாட்டைத் தாமே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதி, அடித்து, எழுதி, நாகலெட்சுமியிடம் வாசித்துக் காட்டினார். யார் எழுதியது என்று அவள் கேட்காதது ஒரு பக்கம் உறுத்தினாலும், அபிப்பிராயம் தேவைப்பட்டது.

“நீதிக்கு ஒரு தராசு, நெஞ்சுக்கு ஒரு பொன்னுராசு,
முத்துலிங்க ஐயா நின்னா முழுமலையும் பூத்திருக்கும்.”

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். “தேயில பூத்தா என்னங்க அர்த்தம்? கொழுந்தெடுக்காம வுட்டுட்டாங்கன்னு அர்த்தம். ஒங்களுக்கு நீங்களே பத்துச்சீட்டு எழுதிக்கிறீங்களே.” அவர் பூத்திருக்கும் என்பதைத் துளிர்த்திருக்கும் என்று மாற்றினார். பொன்னுராசு என்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு முறத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை பனி இல்லை. அறுபது முகமும் தெளிவாகத் தெரிந்தன. துரைமார் இருவரும் குதிரையிலிருந்து இறங்கி நிரை முனையில் நின்றார்கள். ஏஜெண்டுத் துரை கையில் சங்கிலிக் கடிகாரம். முத்துலிங்கம் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு காளியாயிக்குத் தலையசைத்தார். அவர் சொல்லிக்கொடுத்ததை அவள் ஓர் எழுத்து பிசகாமல் கூப்பிட்டாள். தராசு, பொன்னுராசு, துளிர்த்திருக்கும், பொலியோ பொலி.

பதில் இல்லை.

கீழே ஓடையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் எல்லோரும் செடியைப் பார்த்து நின்றார்கள். காளியாயி, தன்மேல் குற்றமில்லை என்பது போலக் கையைப் படங்கில் துடைத்துக்கொண்டாள். வீரய்யா கங்காணி வாயைத் திறந்தார், தமக்கான பாட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். ஏஜெண்டுத் துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னா சங்கதி, கணக்கப்பிள்ளை? ஏன் கொழுந்து எடுக்க இல்லை?” என்றார் தோட்டத்துத் துரை.

முத்துலிங்கம் தாமே கூப்பிட்டார். துரைமார் காலடி பட்ட மலை வெள்ளியாய்ப் பொலியட்டும் என்று ஏதோ சொன்னார். பதில் இல்லை. வெறும் பொலியைக் கூப்பிட்டார். அது செல்லாது என்று சட்டம் போட்டவரே அவர்தான் என்பதால் அதற்கும் பதில் இல்லை. அம்மாக்கண்ணுவைப் பார்த்தார். அவள் மட்டும் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைப்பு இல்லை, கேலி இல்லை. கடையில் சாமானைச் சொல்லிவிட்டு, எடுத்துக் கட்டும்வரை காத்து நிற்கிறவள் போல நின்றாள்.

இவர்கள் கை வைக்காவிட்டால் வேலை போகும். உண்மையைச் சொன்னாலும் வேலை போகும். இதில் எது தேவலை என்று அவர் கணக்குப் போடத் தொடங்கியதுதான் தாமதம், முடிப்பதற்குள் அவர் வாய் திறந்துகொண்டது. நாற்பது பாட்டு மனப்பாடமாகக் கிடந்த வாய். நாற்பத்தொன்றாவது தானாகவே வரிசையில் வந்து நின்றது.

“ஈரக்கழிவு நாலு றாத்தல், கூடக்கழிவு மூணு றாத்தல்,
முட்டிக்கழிவு எத்தனைன்னு முட்டியத்தான் கேக்கணும்,
பொலியோ பொலி.”

அறுபது தொண்டையும் பொலி என்று அதிர்ந்தன. எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லிற்று. மறு நிமிஷம் நூற்றிருபது கையும் செடியில் இருந்தன.

முத்துலிங்கம் அப்போது சந்தேகப்பட்டது தம் வாயை. நாற்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்து இப்படிச் செய்யுமென்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஏஜெண்டுத் துரை ஏதோ கேட்டார். தோட்டத்துத் துரை ஒரு கணம் முத்துலிங்கத்தின் முழங்காலைப் பார்த்தார், பிறகு ஸ்டோர் இருக்கும் திசையைப் பார்த்தார், பிறகு இங்கிலீஷில் பதில் சொன்னார். அது மழைக்கும் விளைச்சலுக்குமான பழைய பிரார்த்தனை என்று சொன்னாராம். பக்கத்தில் நின்ற குதிரைக்காரன் பிறகு சொன்னான். ஏஜெண்டுத் துரை தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். துரை பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் தூக்கிய றாத்தலெல்லாம் ஐந்து வருஷமாக அவர் பெயரில் அல்லவா கொழும்புக் கம்பெனியில் மணத்துக்கொண்டிருந்தது. அந்த மணத்துக்கு அவரும் ஒரு பிரார்த்தனை செய்துகொண்டார், அவ்வளவுதான்.

மத்தியான நிறுவையை ஏஜெண்டுத் துரை ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தார். முத்துலிங்கம் கூடையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். கூடை ஆடியது. ஆடட்டும் என்று விட்டார். முள் நின்ற பிறகு எழுதினார். வழக்கமாகப் பதினாலு எழுதுகிற அம்மாக்கண்ணு பேருக்குப் பதினெட்டு விழுந்தது. காளியாயிக்கு இருபது. தன் கூடையிலா இத்தனை என்று காளியாயி கொக்கியை நிமிர்ந்து பார்த்து, அன்றைக்கான இரண்டு வார்த்தையையும் அங்கேயே செலவழித்தாள். “இம்புட்டா இருந்துச்சு?”

அன்று அந்தியில் ஒருத்திக்கும் அரைப்பேர் இல்லை. அந்த வாரமும் இல்லை. வார முடிவில், எழுதிய றாத்தலும் ஸ்டோர்த் தூளும் ஒன்றுக்கொன்று சரியாக நின்றதைத் துரை கண்டார். மெச்சுவதற்கு இனி ஒன்றும் இல்லை. தோளில் தட்டவில்லை. பத்துச்சீட்டும் கொடுக்கவில்லை, ஏனென்றால் கொடுத்தால் காரணம் எழுத வேண்டும். முத்துலிங்கத்தை நாற்றுமேடைக்கு மாற்றினார். தேயிலை விதையைப் பாத்தியில் ஊன்றி, பந்தல் போட்டு, பூச்சி பார்த்து வளர்க்கிற வேலை. தராசு கிடையாது. கணக்கப்பிள்ளை வீடு மட்டும் மிஞ்சியது.

நாகலெட்சுமி அன்றைக்குத் தைலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் காலை நீட்டினார். முதல் பாட்டு அவளுடையதா என்று அவர் அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆம் என்று சொன்னாலும் இல்லையென்று சொன்னாலும் நம்பப்போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

பதினாறாம் நம்பர் மலைக்குக் கொத்மலைப் பக்கத்திலிருந்து புதுக் கணக்கப்பிள்ளை வந்தார். சின்ன வயசு, முழங்காலால் கூடையைத் தொடுவதே இல்லை. முழங்கையால் தொட்டார். இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை பெரட்டுக்குப் போகிற வழியில் அம்மாக்கண்ணு நாற்றுமேடைப் பக்கம் ஒதுங்கினாள். முத்துலிங்கம் பாத்திக்கு நடுவே குந்தி, ஒரு நாற்று ஏன் மற்றதைவிட உயரமாக வளர்கிறது என்று அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இன்னைக்கு என் மொறைங்க. மொத வரி வந்திருச்சு. ரெண்டாவது வரி மொழங்கைக்கிட்ட வந்து நின்னு போச்சு.”

அவர் எழுந்து வேலிப்பக்கம் பார்த்தார், பாதையைப் பார்த்தார், பந்தலுக்கு மேலேகூடப் பார்த்தார். யார் அனுப்பியது என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றாள். வீரய்யா கங்காணி அனுப்பினாரா, துரை அனுப்பினாரா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இல்லை, இல்லை என்றாள்.

“அப்பறம் என்னை ஏன் கேக்குற?”

“எங்களுக்கு மொழங்கைய வெளிய இருந்து பாக்கத்தாங்க தெரியும்.”

அவர் மறுபடியும் குந்தி, அந்த உயரமான நாற்றின் அடியில் மண்ணை அணைத்தார். பிறகு, தலையைத் தூக்காமலே, முதல் வரியை ஒரு தரம் சொல்லிக் காட்டச் சொன்னார்.